எந்த மாவட்டம்?

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு மருத்துவ பீடம் கிடைக்குமா, பொறியியல் பீடம் கிடைக்குமா, எதுவுமே கிடைக்காமல் போகுமா என்பதை அவர் பெற்ற புள்ளியோடு சேர்ந்து தீர்மானிப்பது அவர் படித்த மாவட்டம். ஒரே நாளில், ஒரே வினாத்தாளில், ஒரே மதிப்பீட்டுத் திட்டத்தின்படி நாடு முழுவதும் நடக்கும் பரீட்சையின் பெறுபேறு, மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வேறொரு பெறுமதியைப் பெற்றுவிடுகிறது. ஒரு கற்கைநெறிக்குத் தெரிவான கடைசி மாணவரின் புள்ளியை ‘வெட்டுப்புள்ளி’ என்பர். கொழும்பில் ஒருவரைக் கைவிட்ட அதே புள்ளி மன்னாரில் இன்னொருவரை மருத்துவராக்குவது அங்கே ஆண்டுதோறும் நடப்பதுதான். வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளில் எத்தனை புள்ளி என்று கேட்பவர் அதே மூச்சில் எந்த மாவட்டம் என்றும் கேட்காமல் விடுவதில்லை.

இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. தமிழர் அரசியல் நினைவில் ‘தரப்படுத்தல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இது அடக்கப்பட்டுவிட்டாலும், அந்தச் சொல்லுக்குள் இருந்தவை இரண்டு வெவ்வேறு நடவடிக்கைகள்: ஒன்று மொழியை அளவுகோலாகக் கொண்டது, மற்றது ஊரை. முதலாவது அநீதி என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. இரண்டாவதைப் பற்றித் தமிழ் பேசும் மக்களுக்குள்ளேயே ஒருமித்த தீர்ப்பு இருந்ததில்லை. காரணம், யாழ்ப்பாணம் இழந்த இடங்களில் ஒரு பகுதி மட்டக்களப்புக்கும் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் போய்ச் சேர்ந்தது.

புள்ளியும் மாவட்டமும்

இன்றைய நடைமுறை பின்வருமாறு அமைந்துள்ளது. 2001ஆம் ஆண்டு முதல் மாணவர்களின் மூலப்புள்ளிகள் நேரடியாக ஒப்பிடப்படுவதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் நாடு முழுவதும் எழுதியோரின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைக் கண்டு, அதை அந்தப் பாடத்தின் நியம விலகலால், அதாவது புள்ளிகள் எந்த அளவுக்குச் சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுத்து ‘இசட் புள்ளி’ கணிக்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு கற்கைநெறியின் இடங்களில் 40 சதவீதத்தை நாடு தழுவிய திறமை வரிசைப்படியும், 55 சதவீதத்தை மாவட்டங்களின் மக்கள்தொகை விகிதப்படி அவற்றுக்கிடையே பங்கிட்டும், எஞ்சிய 5 சதவீதத்தைக் கல்வியில் பின்தங்கியவையென வகைப்படுத்தப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்குகிறது. மொத்த மாவட்டங்கள் 25.

கணக்காகப் பார்த்தால் இதன் போக்கு தெளிவாகும். ஒரு கற்கைநெறிக்கு 1,000 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், 400 இடங்கள் ஊர் பேர் பாராமல் போகும்; 550 இடங்கள் மாவட்டங்களுக்குப் பிரியும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 23 இலட்சம் பேரைக் கொண்ட கொழும்புக்கு அதில் ஏறத்தாழ 63 இடங்கள், 7 இலட்சம் பேரைக் கொண்ட நுவரெலியாவுக்கு 19, 5.8 இலட்சம் பேரைக் கொண்ட யாழ்ப்பாணத்துக்கு 16, ஒரு இலட்சத்தையும் எட்டாத மன்னாருக்கு 3, முல்லைத்தீவுக்கு இரண்டோ மூன்றோ. எண்ணிக்கையில் சிறியனவாகத் தெரியும் இந்த இரண்டும் மூன்றும்தான், ஒரு காலத்தில் ஒரு வைத்தியரைக்கூட உருவாக்காத ஊர்களுக்குத் தம் ஊர்ப் பிள்ளையை வைத்தியராகப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தன.

மாவட்டம் என்பது இங்கே மாணவர் பிறந்த ஊரையோ பெற்றோரின் பூர்வீகத்தையோ குறிப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய காலத்தில் மூன்றாண்டுகளேனும் அவர் கற்ற பாடசாலை எங்கிருக்கிறதோ அதுவே அவரது மாவட்டம். எனவே மாவட்ட அடையாளத்தை ஓரளவு முன்கூட்டித் திட்டமிட்டு ஈட்டிக்கொள்ளவும் முடியும் என்பதைக் கெட்டிக்காரப் பெற்றோர் விரைவில் கண்டுகொண்டனர். பிள்ளையின் பெயர் பின்தங்கிய மாவட்டமொன்றின் பாடசாலைப் பதிவேட்டில் இருக்க, பிள்ளை நகரத்துத் தனியார் வகுப்பில் இருக்கும் நிலை பற்றிய முறைப்பாடுகள் நுவரெலியாவிலும் வன்னியிலும் கிழக்கிலும் நெடுங்காலமாகக் கேட்கின்றன.

மொழியால் பிரித்த ஆண்டுகள்

1942இல் தொடங்கப்பட்டு, ஐவர் ஜெனிங்சின் தலைமையில் வதிவிடப் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்டு, 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஊர் வேறுபாடு பெரிய பிரச்சினையாக எழவில்லை. அங்கே வந்து சேர்ந்தவர்கள் எந்த ஊரினரானாலும் பெரும்பாலும் ஆங்கிலம் போதித்த நகரக் கல்லூரிகளில் பயின்றவர்கள். அவர்களை ஒன்றாக்கியது நாட்டுணர்வைவிட வர்க்கம் என்று சொல்வது பொருந்தும். 1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும், கிராமங்களில் எழுந்த மத்திய மகா வித்தியாலயங்களும், 1960களில் சுயமொழி வழியில் பல்கலைக்கழகம் திறந்ததும் அந்த வட்டத்தை உடைத்தன. சிங்களத்திலும் தமிழிலும் படித்த கிராமத்துப் பிள்ளைகள் முதன்முறையாகப் பெருந்தொகையில் வாசலுக்கு வந்து நின்றபோது உள்ளே இடம் போதவில்லை.

விஞ்ஞான பீடங்களின் நிலை வேறாக இருந்தது. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி முதலாக வளர்ந்த மிஷன் பாடசாலைகளும், அவற்றுக்குப் போட்டியாக எழுந்த இந்துக் கல்லூரிகளும் யாழ்ப்பாணத்தில் தரமான ஆய்வுகூடங்களையும் ஆசிரியர்களையும் பல தலைமுறைகளுக்கு முன்பே நிலைநிறுத்தியிருந்தன. வரண்ட மண்ணில் தோட்டம் செய்வதைவிட உத்தியோகம் பார்ப்பதே மேல் என்று கருதிய சமூகம் தன் சேமிப்பைப் பிள்ளைகளின் படிப்பில் கொட்டியது. இதன் விளைவாக 1960களின் இறுதியில், நாட்டு மக்களில் ஏறத்தாழ 11 சதவீதமாயிருந்த இலங்கைத் தமிழர், மருத்துவ, பொறியியல் பீடங்களின் அனுமதியில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றிருந்தனர். அந்தப் பாதியும் தமிழ்ப் பிரதேசமெங்கும் பரவியிருக்கவில்லை என்பது பொதுவாகப் பேசப்படாத செய்தி. அது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் கொழும்புக்கும் உரியதாக இருந்தது. மட்டக்களப்பு மாணவர் அதில் அருந்தலாகவே இருந்தனர், தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த மலையக மாணவர் இல்லையென்றே சொல்லலாம்.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், இந்த ஏற்றத்தாழ்வை மொழியின் பெயரால் கையாளத் துணிந்தது. 400 புள்ளிக்கு நடந்த பரீட்சையில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 பெற வேண்டுமென்றும், சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமென்றும் விதிக்கப்பட்டது. பின்னர் வந்த முறையான தரப்படுத்தலில், ஒவ்வொரு மொழிமூலத்திலும் பரீட்சை எழுதியோரின் விகிதத்துக்கு ஏற்பத் தெரிவாகும்படி புள்ளிகள் சரிக்கட்டப்பட்டன. யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரியில் படித்தவரும் கிரானிலோ மாங்குளத்திலோ ஆய்வுகூடமே காணாமல் படித்தவரும் தமிழ்மொழி மூலம் என்ற ஒரே காரணத்தால் ஒரே சுமையைச் சுமந்தனர். கொழும்பின் வசதியான சிங்களப் பாடசாலை மாணவருக்கோ காரணமின்றிச் சலுகை கிடைத்தது. பின்தங்கியோரைக் கைதூக்கிவிடுவதே நோக்கமாயிருந்தால் மொழி அதற்குரிய அளவுகோலாக இருந்திருக்க முடியாது.

இந்த வாதத்தை அரசும் ஒருவகையில் ஏற்றதாகவே 1974இன் மாற்றம் அமைந்தது. 1971 ஏப்ரலில் படித்து வேலையற்ற கிராமத்துச் சிங்கள இளைஞர் நடத்திய கிளர்ச்சி அரசை உலுக்கியிருந்தது. கண்டிப் பிரதேசத்துச் சிங்களவரும் கிழக்கின் முஸ்லிம்களும் மொழிவாரித் தரப்படுத்தலால் தங்களுக்குப் பயனில்லை, கொழும்புச் சிங்களவருக்கே பயன் என்று அழுத்தம் கொடுத்தனர். மொழிவாரித் தரப்படுத்தலை நீக்காமலே அதன்மேல் மாவட்டக் கோட்டா ஏற்றப்பட்டது. இரண்டும் சேர்ந்து விழுந்த அடியில், விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளில் 1970இல் சுமார் 35 சதவீதமாயிருந்த தமிழரின் பங்கு 1975இல் 19 சதவீதத்துக்குச் சரிந்தது. 1970இல் தோன்றிய தமிழ் மாணவர் பேரவையும், அதிலிருந்து கிளைத்த இளைஞர் அரசியலும், பின்னாளின் ஆயுதப் போராட்டமும் இந்தச் சரிவைத் தம் முதற்காரணங்களுள் ஒன்றாகக் காட்டியமைக்கு வலுவான அடிப்படை உண்டு.

1977இல் வந்த புதிய அரசு மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டது. மாவட்டக் கோட்டாவை அது கைவிடவில்லை. 1979 முதல் 30 சதவீதம் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டத்துக்கும், 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கீடு மாறி, பிற்காலத்தில் திறமைப் பங்கு 40ஆக உயர்ந்து பின்தங்கிய மாவட்டங்களின் பங்கு 5ஆகச் சுருங்கியது. அதற்குப் பின் வந்த எந்த அரசும், எந்தக் கட்சியும் மாவட்டக் கோட்டாவை ஒழிக்கத் துணியவில்லை. தமிழ்க் கட்சிகளும் அதை ஒழிக்கச் சொல்லி உரக்கக் கேட்பதில்லை. வன்னியிலும் கிழக்கிலும் வாக்குக் கேட்டுப் போகிறவர்கள் அப்படிக் கேட்கவும் முடியாது.

யாழ்ப்பாணத்தின் இடமாற்றம்

கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலை இன்று வாசிப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். அம்பாந்தோட்டை, மொனராகலை, பொலன்னறுவை, அநுராதபுரம், இரத்தினபுரி, பதுளை, புத்தளம், நுவரெலியா ஆகியவற்றோடு வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அதில் உள்ளன. அந்த எட்டில் யாழ்ப்பாணமும் ஒன்று. எந்த மாவட்டத்தின் கல்வி முன்னேற்றம் மிதமிஞ்சியது என்று கருதிக் கோட்டா கொண்டுவரப்பட்டதோ, அந்த மாவட்டம் போரினாலும் இடப்பெயர்வினாலும் நலிந்து, கோட்டாவின் கடைசி 5 சதவீதத்துக்கு உரித்துடைய மாவட்டமாயிற்று.

மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட பங்கீட்டில் இன்னொரு இழப்பும் மறைந்திருக்கிறது. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்தைய யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் 8.3 இலட்சம் பேர், அதாவது நாட்டு மக்களில் 5.6 சதவீதத்தினர் வாழ்ந்தனர். 2012இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டையும் கூட்டினாலும் ஏறத்தாழ 7 இலட்சம் பேரே இருந்தனர், பங்கு 3.4 சதவீதம். மேற்சொன்ன 550 இடங்களின் கணக்கில் 31ஆக இருந்திருக்க வேண்டியது 19ஆகக் குறைகிறது. ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போன ஒவ்வொரு குடும்பமும், தான் அறியாமலே, ஊரில் எஞ்சியவர்களின் பல்கலைக்கழக இடத்தில் ஒரு துளியைக் கையோடு கொண்டுபோயிருக்கிறது.

கோட்டா வந்த அதே 1974இல்தான் யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலியின் பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில், க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி கேட்டதோ திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம். வடக்கும் கிழக்கும் சந்திக்கும் இடத்தில் அமைந்திருந்தால் தமிழ் மாணவரின் பிரதேச உணர்வு வேறுவிதமாக வளர்ந்திருக்குமா என்பது விடை காண முடியாத கேள்வியாயினும் கேட்கத் தகுந்ததே. கிழக்குக்கு 1981இல் மட்டக்களப்பில் தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. போர்ச்சூழலில் அங்கே படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவருக்காக, முஸ்லிம் அரசியல் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வித்திடப்பட்டது. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஒவ்வொரு பிரதேசமும் தனக்கென ஒன்றைப் பெற்றுக்கொண்டது. பெற்றுக்கொண்டபோது, மற்றப் பிரதேசத்தவரோடு ஒரே விடுதியில் வாழ்ந்து பழகும் கட்டாயமும் குறைந்தது.

‘பேந்து’வும் ‘மறுகா’வும்

‘அப்புறம்’ என்பதைச் சொல்ல ஒருவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதிலேயே இலங்கைத் தமிழ் மாணவரின் மாவட்டம் வெளிப்பட்டுவிடும். யாழ்ப்பாணத்தவர் ‘பேந்து’ என்பார். மட்டக்களப்பார் ‘மறுகா’ என்பார். ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வந்தவர் ‘அப்புறம்’ என்றே சொல்லுவார், அதைக் கேட்டதும் மற்ற இருவருக்கும் தமிழகத் திரைப்படம் நினைவுக்கு வரும். மூத்த மாணவரை அழைப்பதிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்து ‘அண்ணை’, மலையகத்தில் ‘அண்ணே’ ஆகிறது. முஸ்லிம் மாணவருள் அக்கரைப்பற்றிலிருந்தும் கல்முனையிலிருந்தும் வருபவர் ‘காக்கா’ என்பதை, கண்டிப் பக்கத்திலிருந்து வருபவர் ‘நானா’ என்பார். முதலாம் வருட மாணவர் வாயைத் திறந்த மறுகணமே அவர் எந்த ஊர், பல வேளை எந்தச் சமயம் என்பதும், கூர்ந்து கேட்பவருக்கு அதற்கு மேலும் சிலவும் தெரிந்துவிடுகின்றன.

இந்த வேறுபாடுகள் பெரும்பாலும் வேடிக்கையாகவே தொடங்குகின்றன. மட்டக்களப்புக்குப் போகிறவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பழைய யாழ்ப்பாணக் கேலி விடுதி அறைகளில் இன்றும் புழங்குகிறது. யாழ்ப்பாணத்தாரைப் ‘பனங்கொட்டை சூப்பிகள்’ என்று கிழக்கு திருப்பிக் கொடுக்கிறது. ஒடியற்கூழின் பெருமையைப் பேசுபவரும், முட்டித் தயிரைப் பிட்டில் ஊற்றிப் பிசைந்து தின்னாதவன் நாக்கில்லாதவன் என்பவரும், கோதுமை ரொட்டிக்கும் சம்பலுக்கும் ஏங்குபவரும் பருப்பும் பாணுமே விதிக்கப்பட்ட சிற்றுண்டிச்சாலையில் சமமாகின்றனர். ஆனால் ‘வடக்கத்தையான்’, ‘தோட்டக்காட்டான்’ என்ற சொற்கள் இந்த வேடிக்கையில் சேர்வதில்லை. மலையகத் தமிழரை நோக்கிச் சக தமிழர் வீசிய இச்சொற்கள், 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியபோது எழுந்த பாராமுகத்தின் மிச்சம். அவற்றைக் கேட்ட மாணவர் தம் ஊர்ப் பேச்சை விடுதி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு யாழ்ப்பாணத் தமிழை வரித்துக்கொள்வதும், விடுமுறையில் வீட்டுக்குப் போய் ‘சொல்லுங்கோ’ என்று சொல்லித் தாயின் சிரிப்புக்கு ஆளாவதும் உண்டு.

சிங்கள மாணவருக்கும் தமிழ் மாணவருக்கும் இடையில் இருப்பது இதைவிட அகலமான இடைவெளி. 1977 கலவரத்தோடு யாழ்ப்பாண வளாகத்துச் சிங்கள மாணவர் வெளியேறினர். 1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் இரு சாராரும் தத்தம் பிரதேசத்துக்கு அப்பால் படிக்க அஞ்சினர். போர் முடிந்து, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய காலத்தில், விருப்ப வரிசையும் இசட் புள்ளியும் இட்ட கட்டளைப்படி குருநாகலிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் மாணவர் திருநெல்வேலிக்கும், பொறியியல், விவசாய பீடங்கள் அமைந்த கிளிநொச்சி அறிவியல் நகருக்கும், ஒலுவிலுக்கும் வந்து சேர்ந்தனர். காகிதத்தில் இதைவிடச் சிறந்த பிரதேசக் கலப்பைக் கற்பனை செய்வது கடினம்.

கலப்பு காகிதத்தில் நின்றுவிடுவதற்கு மொழியே முதற்காரணம். விஞ்ஞானம் சார்ந்த பீடங்களில் போதனை ஆங்கிலத்தில்; சிங்களத்தில் உயர்தரம் எழுதியவருக்கும் தமிழில் எழுதியவருக்கும் பொதுவாக வாய்த்த மொழி, இருவருக்குமே சரளமில்லாத அந்த ஆங்கிலம்தான். ஆய்வுகூட மேசையில் ஒரே குழுவாக நின்று நியமிப்புச் செய்தவர்கள், ஐந்து மணியானதும் தத்தம் மொழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த தகராறு கைகலப்பாகி, பல்கலைக்கழகத்தை மூடும் அளவுக்குப் போனது. ஒரு மேளமும் ஒரு நடனமும் இவ்வளவு தூரம் கொண்டுபோனதைப் பார்த்து வியந்தவர்கள், அந்த மேடைக்கு வரும்வரை இரு தரப்பினரும் ஒருவரோடொருவர் எத்தனை வாக்கியம் பேசியிருப்பார்கள் என்று கேட்டிருந்தால் வியப்புக் குறைந்திருக்கும். பாடசாலையில் மற்ற மொழியை ஒரு பாடமாகப் படித்துப் புள்ளி எடுத்தவர்கள், பஸ்ஸில் ஒரு இருக்கை கேட்கும் அளவுக்குக்கூட அதைப் பேசுவதில்லை. இந்தக் குறைக்கு எந்தக் கோட்டாவும் மருந்தாகாது.

மாவட்டத்துக்குள் ஒரு மாவட்டம்

கோட்டாவின் உண்மையான பலவீனத்தைக் காண நுவரெலியாவைவிடப் பொருத்தமான மாவட்டம் இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி அங்குள்ள மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை அந்த மாவட்டத்துக்கு வந்ததே தோட்டப்புறங்களின் கல்வி நிலை காரணமாகத்தான் என்று சொன்னால் மிகையாகாது. அந்தச் சலுகையைப் பயன்படுத்த ஒருவர் முதலில் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் எழுத வேண்டும். விஞ்ஞானப் பிரிவு இருக்கும் பாடசாலை வேண்டும்.

இலங்கையின் அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை ‘1ஏபி’. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை ‘1சி’. பதினோராம் தரத்தோடு நிற்பவை இரண்டாம் வகை. ஆரம்ப வகுப்புகளோடு நிற்பவை மூன்றாம் வகை. நாட்டின் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் 1ஏபி பத்தில் ஒன்றுதான். தோட்டப்புறத்துப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன; அதுவரை அவற்றில் பல ஒரே அறையில், ஒரே ஆசிரியரோடு, ஐந்தாம் வகுப்புவரை நடந்தவை. இன்றும் தோட்டத்துப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை கடைசி இரு வகைகளுள் அடங்குகின்றன. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை போன்ற நகரங்களில் தமிழில் கணிதமும் உயிரியலும் கற்பிக்கும் பாடசாலைகள் சில உண்டெனினும், தோட்டத்தின் மேற்கணக்கிலுள்ள லயத்திலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டிலிருந்து, விடியற்காலையில் இறங்கி, தேயிலை மலையைச் சுற்றி நடந்து, தெருவுக்கு வந்து பஸ் பிடித்துப் போகும் பிள்ளைக்கும், அந்த நகரத்திலேயே வாழும் வர்த்தகரின் அல்லது உத்தியோகத்தரின் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. பட்டியலில் இருவரும் ‘நுவரெலியா’.

கொழும்பிலும் இதன் மறுபக்கம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்து, ஆசிரியர் பற்றாக்குறையுள்ள தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் மாணவர், நாட்டின் மிகப் பெரிய தேசிய பாடசாலைகளின் மாணவர்களோடு ஒரே மாவட்டத்தில் போட்டியிட வேண்டும். அவருடைய வறுமைக்குக் கோட்டாவில் இடமில்லை. 1970களின் தொடக்கத்தில் மொழி என்ற அளவுகோல் செய்த பிழையை, மாவட்டம் என்ற அளவுகோல் சிறிய அளவில் திரும்பச் செய்கிறது: வெவ்வேறு நிலையிலுள்ளவர்களை ஒரே பெயரின் கீழ் நிறுத்துகிறது. பிழை சிறியது என்பதாலும், மாற்று எதுவும் இதைவிடக் குழப்பமாகலாம் என்பதாலும் அது பொறுத்துக்கொள்ளப்படுகிறது. கோட்டாவை நீக்கிவிட்டுத் தூய திறமை வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்று நகரங்களிலிருந்து எழும் குரல்களுக்கு இது வாதமாகாது. அந்த வரிசை வந்தால் மன்னாரின் மூன்று இடங்களும் முதலில் போகும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். வெட்டுப்புள்ளிப் பட்டியல் வெளியாகும்போதே, ஒவ்வொரு மாவட்டக் கோட்டாவிலும் தெரிவானவர்கள் எந்த வகைப் பாடசாலையில், எந்த மொழிமூலத்தில் படித்தார்கள், அந்த மாவட்டத்துப் பாடசாலையில் எந்தத் தரத்திலிருந்து இருந்தார்கள் என்ற கணக்கையும், மாணவர் பெயரின்றி, மானியங்கள் ஆணைக்குழு பொதுமக்கள் முன் வைக்கட்டும். நுவரெலியாவின் பெயரால் மருத்துவ பீடம் போகிறவர்களில் லயத்திலிருந்து போகிறவர் எத்தனை பேர் என்று மலையகம் நெடுங்காலமாகக் கேட்கிறது. அதற்கான பதில் ஆணைக்குழுவுக்கு வரும் விண்ணப்பப் படிவங்களிலேயே இருக்கிறது.